முழங்கால், மூச்சு, பசி: ஆவிக்குரிய வாழ்வில் உடலின் பங்கு

கி.பி. 325ல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் என்றதும் விசுவாசப் பிரமாணம்தான் நினைவுக்கு வரும். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்ற அறிக்கை அங்கே உருவானது. அதே சங்கம் திருச்சபை ஒழுங்குக்காக 20 சட்டங்களையும் வகுத்தது. நோயோ வன்முறையோ காரணமில்லாமல் தன்னைத்தானே விதையறுத்துக்கொண்டவன் குருத்துவப் பணியில் இருக்கக்கூடாது என்பது முதல் சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே காலம் முழுவதும் முழங்காலிடாமல் நின்றபடியே ஜெபிக்க வேண்டும் என்பது இருபதாவது சட்டம். கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை உறுதிசெய்யக் கூடியவர்களின் சட்டவரிசை உடலில் தொடங்கி உடலிலேயே முடிகிறது.

பரிசுத்தத்தின் பேரில் உடலைச் சிதைக்காதே என்பது இதில் ஓர் எல்லை. வாய் அறிக்கையிடுவதை உடலும் சேர்ந்து சொல்லட்டும், உயிர்த்தெழுந்தவரின் நாளில் எழுந்து நில் என்பது இன்னோர் எல்லை. உடலை எதிரியாகப் பார்ப்பவர் முதல் எல்லையை மீறுகிறார். ஜெபம் மனதுக்குள் நடக்கிற காரியம், உடல் எப்படிக் கிடந்தால் என்ன என்று இருப்பவர் இரண்டாவதை மறந்துபோகிறார். முதல் வகையினர் பழங்காலத்தோடு போய்விட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் உபவாசத்தை இழுத்துப்பிடிப்பவர், மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தை நிரூபிக்கப் பார்ப்பவர், இரவெல்லாம் ஜெபித்துவிட்டுக் காலையில் வீட்டாரிடம் எரிந்து விழுபவர் எல்லாரும் அந்த வகைதான். அளவுதான் வேறு.

இதற்கு ஆதாரமாகப் பெரும்பாலும் பவுலைத்தான் இழுப்பார்கள். "மாம்சம் ஆவிக்கு விரோதமாகவும், ஆவி மாம்சத்துக்கு விரோதமாகவும் இச்சிக்கிறது" என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு, மாம்சம் என்றால் இந்தத் தோலும் தசையும்தான் என்று முடித்துவிடுகிறோம். அதே கலாத்தியர் 5ல் இரண்டு வசனம் தள்ளி "மாம்சத்தின் கிரியைகள்" வரிசையாக வருகின்றன. பழைய திருப்புதல் வேதாகமத்தில் எண்ணினால் 17. விபசாரம், வேசித்தனம், அசுத்தம், காமவிகாரம், வெறிகள், களியாட்டுகள் ஆகிய ஆறுதான் உடலின் ஆசையோடு நேராக ஒட்டியவை. மீதியில் பெரும்பகுதி பகை, விரோதம், வைராக்கியம், கோபம், சண்டை, பிரிவினை, மார்க்கபேதம், பொறாமை. உடலே இல்லாத பிசாசுக்கும் இவையெல்லாம் கைவரும். ஆகவே பவுல் இங்கே குறைசொல்வது தேவனைவிட்டுத் திரும்பித் தன்னைச் சுற்றியே வாழும் முழு மனிதனை. நாற்பது நாள் பட்டினி கிடந்தவன் பொறாமைக்காரனாகவே எழுந்து வந்தால், பவுலின் கணக்கில் அவனுடைய மாம்சம் துளியும் மெலியவில்லை. சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று எழுதியதும் (1 கொரிந்தியர் 6:19), அவயவங்களை நீதியின் ஆயுதங்களாக ஒப்புக்கொடுங்கள் என்று எழுதியதும் (ரோமர் 6:13) இதே கைதான்.

திருச்சபை இந்த இடத்தில் தொடக்கத்திலிருந்தே விட்டுக்கொடுக்கவில்லை. கிறிஸ்து உண்மையான உடலோடு வரவில்லை என்றவர்களை யோவானின் முதல் நிருபம் நேரடியாக மறுக்கிறது. உயிர்த்தெழுந்தவர் சீஷர்கள் கண்முன்னே பொரித்த மீனை வாங்கிப் புசித்ததை லூக்கா குறித்துவைக்கிறார். நான்காம் நூற்றாண்டில் சிறிய ஆசியாவின் கங்கரா நகரில் கூடிய சங்கம் திருமணத்தை இழிவாகப் பேசியவர்களையும், இறைச்சி உண்பவருக்கு இரட்சிப்பின் நம்பிக்கை இல்லை என்றவர்களையும், துறவு என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமை உபவாசித்தவர்களையும் கண்டித்தது. இதில் கவனிக்க வேண்டியது, கண்டிக்கப்பட்டவர்கள் சோம்பேறிகளோ போஜனப்பிரியர்களோ இல்லை, அளவுக்கு மீறிய பக்திமான்கள்.

கொள்கை இவ்வளவு போதும். உடலையும் ஆவியையும் இசைய வைப்பது கொள்கையில் முடிகிற வேலையில்லை. எத்தனை மணிக்குப் படுப்பது, எந்த வேளை சாப்பாட்டை விடுவது, முழங்காலில் எவ்வளவு நேரம் இருப்பது என்பதில்தான் அது நடக்கிறது, அல்லது கெடுகிறது.

பசி

உபவாசத்துக்குத் திருச்சபையில் பழைய கால அட்டவணைகள் உண்டு. முதலாம் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட திதகே என்ற சிறு நூலே புதனும் வெள்ளியும் உபவாசிக்கச் சொல்கிறது. கிழக்கத்திய திருச்சபைகள் இன்றும் அந்த நாட்களைக் கடைப்பிடிக்கின்றன. மெதடிஸ்து இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபர்டில் இருந்த காலத்தில் அதே இரண்டு நாட்களில் பிற்பகல் 3 மணிவரை உண்ணாமல் இருந்தார். கத்தோலிக்கச் சட்டம் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் உபவாச நாட்கள் என்கிறது. 18 வயது நிறைந்தவர்கள் முதல் 60ஆம் வயதில் அடியெடுத்து வைக்கும்வரை அது கட்டாயம். ஒரு முழு உணவு உண்டு, மற்ற இரண்டு வேளைகளில் சிறிதளவு எடுக்கலாம். நற்கருணைக்கு முன்பான உபவாசம் ஒரு மணி நேரம். தண்ணீரும் மருந்தும் அதை முறிக்காது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. இந்த அளவுகளைப் பார்த்து "இதெல்லாம் ஒரு உபவாசமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் குறிப்பது எல்லாராலும் இயலக்கூடிய குறைந்தபட்ச அளவை. அதற்கு மேலே போவது அவரவர் உடலையும், ஆவிக்குரிய வாழ்வில் வழிநடத்துகிறவரின் ஆலோசனையையும் பொறுத்தது.

புதிதாகத் தொடங்குகிறவர் மூன்று நாள் உபவாசத்தில் குதிக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு வேளை, மதிய உணவை மட்டும் விடுங்கள். நான்கு வாரம் அப்படியே போகட்டும். பிறகு ஒரு நாள் இரவு உணவிலிருந்து மறுநாள் இரவு உணவுவரை என்று நீட்டலாம். அதுவே ஏறத்தாழ 24 மணி நேரம். அந்த நாளில் தண்ணீரைக் குறைக்கக்கூடாது. இரண்டு லிட்டருக்குக் குறையாமல், ஒரேயடியாகக் குடிக்காமல் நாள் முழுக்கப் பரப்பிக் குடிக்க வேண்டும். இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவே அளவு. முந்தைய இரவு "நாளைக்குத்தான் இல்லையே" என்று வயிறு முட்ட உண்பது மறுநாள் பசியையும் தாகத்தையும் கூட்டுமே தவிர குறைக்காது.

காபி, தேநீர்ப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, முதல் இரண்டு நாட்களில் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். உபவாசத்தின் முதல் நாளில் வரும் மண்டையிடியும் எரிச்சலும் சோர்வும் பலருக்கு இதனால்தான். அதைச் சாத்தானின் போராட்டம் என்று எண்ணிக் கூடுதலாக அரைமணி நேரம் கடிந்து ஜெபிப்பவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை வழக்கமான அளவில் கால்பங்கு குறைத்துக்கொண்டே வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பசி நேர்கோடாக ஏறிக்கொண்டே போவதில்லை. வழக்கமாக உண்ணும் நேரத்தில் எழும்பும், கொஞ்ச நேரம் படுத்தும், தானாக அடங்கும். ஆகவே ஜெபத்தை வைக்க வேண்டிய இடம் அந்த நேரம்தான். சாப்பாட்டு வேளையை அலைபேசியில் கழித்துவிட்டு, பசி அடங்கிய பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் அது வெறும் சாப்பாட்டை விட்ட நாளாகவே போய்விடும். மிச்சப்பட்ட பணத்துக்கும் கணக்கு உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் ஹெர்மாஸின் மேய்ப்பன் என்ற நூல் மிகத் தெளிவான வழி காட்டுகிறது: அன்றைக்கு உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அதை விதவைக்கோ அனாதைக்கோ ஏழைக்கோ கொடு. ஏசாயா 58 சொன்னதை ரூபாய் பைசாக் கணக்காக மாற்றிய வழி என்று இதைச் சொல்லலாம்.

உபவாசத்தை முடிக்கும் விதத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஒரு நாள் உபவாசத்தை வழக்கத்தில் பாதி அளவு எளிய உணவோடு முடித்து, அரைமணி நேரம் விட்டு, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். ஐந்து நாட்களுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் உண்ணாமல் இருந்தவர் சட்டென்று முழு உணவுக்குத் திரும்புவது உயிருக்கே ஆபத்து. மாவுச்சத்து உள்ளே போனதும் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் அளவுகள் சடாரென இறங்கும், இருதயத்துடிப்பு தாறுமாறாகலாம். நீண்ட உபவாசத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும் என்பது இதனால்தான். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகள் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், உண்ணுதல் சார்ந்த மனநோயிலிருந்து மீண்டவர்கள் உணவை விடவே வேண்டாம். இனிப்பையோ பொழுதுபோக்கையோ தேவையில்லாத பேச்சையோ விடட்டும். கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உபவாசம் அந்த நிமிடத்தோடு முடிந்தது. மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் தெளியவில்லையென்றால் மீண்டும் அதே அளவு குடிக்க வேண்டும். அப்போதும் தெளியாவிட்டால் மருத்துவமனை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

உடல் தாங்கியும் உபவாசம் கெட்டுப்போகிற வழி ஒன்று உண்டு: கோபம். "வழக்குக்கும் வாதுக்கும்" உபவாசிக்கிறீர்கள் என்று ஏசாயா சொன்னது மிகை இல்லை. உடலில் சக்தி குறையும்போது பொறுமையும் குறைகிறது. உபவாச நாளில் வீட்டார் உங்களைப் பார்த்து ஒதுங்கி நடக்கிறார்கள் என்றால், அளவு உங்கள் உடலுக்கு மிஞ்சிவிட்டது. மொத்தமாகக் கைவிடாமல் மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். மிஞ்சிய உபவாசமும் மிஞ்சிய தீனியும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும் என்பது ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி யோவான் காசியன் வனாந்தரப் பிதாக்களிடம் கற்றுக்கொண்ட பாடம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஸ்பெயினின் மன்ரேசாவில் கடும் தவத்தால் உடலைக் கெடுத்துக்கொண்டவர். 1548ல் அவர் தம் சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், வயிற்றைப் பலவீனப்படுத்தும் உபவாசங்களைத் தளர்த்தும்படி கேட்கிறார். அவர் தந்த இன்னொரு வழி எல்லா நாளுக்கும் பொருந்தும்: அடுத்த வேளை எவ்வளவு உண்பது என்பதை, உண்டு முடித்த பிறகு, பசி இல்லாத நேரத்திலேயே முடிவுசெய்துவிடு. பசித்திருக்கும்போது போடும் கணக்கை நம்பாதே.

முழங்கால்

பெனடிக்டின் துறவற ஒழுங்கு ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சங்கீதம் பாடும்போது நம் மனம் நம் குரலோடு இசைந்திருக்கட்டும் என்று அதன் 19ஆம் அதிகாரம் முடிகிறது. இதன் வரிசை முக்கியம். குரல் மனதோடு இசையட்டும் என்று பெனடிக்ட் எழுதவில்லை. குரல் முதலில் போகிறது, மனம் பின்னால் வந்து சேர்கிறது. ஜெபிக்கத் தோன்றும்போது முழங்காலிடலாம் என்று காத்திருப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நேரம் வந்ததும் முழங்காலிடுங்கள். தோன்றுவது பத்து நிமிடம் கழித்து வரட்டும், சில நாள் வராமலும் போகட்டும்.

புனித தொமினிக் ஜெபித்த ஒன்பது விதங்களை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிவைத்தார்கள். தாழப் பணிவது, தரையில் குப்புற விழுவது, எழுந்து எழுந்து முழங்காலிடுவது, கைகளைச் சிலுவையாக விரிப்பது, மேலே உயர்த்துவது, உட்கார்ந்து வாசிப்பது, வழியில் நடந்துகொண்டே ஜெபிப்பது எல்லாம் அதில் உண்டு. மனிதர் ஒரு நிலையிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கவில்லை. அதேசமயம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றிக்கொண்டே இருப்பதும் அலைச்சல்தான். இஞ்ஞாசியாரின் அறிவுரை இதற்கு நடுவில் நிற்கிறது: முழங்காலிலோ, படுத்தோ, உட்கார்ந்தோ, நின்றோ, தேடியது எங்கே கிடைக்கிறதோ அங்கேயே இரு, திருப்தியாகும்வரை நகராதே.

முழங்காலிடுவதில் நுணுக்கம் உண்டு. வெறும் தரையில் முழங்கால் சில்லின்மேல் முழுப் பாரத்தையும் இறக்கினால் சில நிமிடத்தில் கவனமெல்லாம் வலிக்கே போய்விடும். மூன்று நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள மெத்தையோ மடித்த போர்வையோ முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இருக்கட்டும். தொடை நிமிர்ந்து, இடுப்பு முழங்காலுக்கு நேர் மேலே வந்தால் முதுகு வலிக்காது. முன்னால் சாய்ந்து எதன்மேலாவது தொங்கினால் வலிக்கும். குதிகால்மேல் உட்காரும் நிலையில் நேரம் கூடினால், 18 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள, முன்பக்கம் சற்றே சரிந்த சிறு பலகை ஒன்றைக் கால்களுக்கு மேலாக வைத்து அதில் அமரலாம். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். கால் மரத்துப்போனால் நரம்பும் இரத்த ஓட்டமும் அழுத்தப்படுகின்றன என்று பொருள், அதைத் தாங்குவதில் புண்ணியம் எதுவும் இல்லை. எழும்போது ஒரு பாதத்தை முன்வைத்து, எதையாவது பிடித்து, இரண்டு மூன்று மூச்சு நிதானித்து எழ வேண்டும். திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், முதியவர்களுக்கும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் குறிப்பாக. நீண்ட ஆராதனையில் நிற்பவர்கள் மயங்கி விழுவதும் இதே வகைதான். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்குகிறது. முழங்காலைச் சற்றே தளர்த்தி, கெண்டைத் தசையை இறுக்கி இறுக்கி விட்டு, பாரத்தைக் கால் மாற்றி நின்றால் தப்பிக்கலாம்.

கீழை மரபுவழித் திருச்சபைகளில் தவக்காலத்தின் வார நாட்களில் சீரியரான எப்ரேமின் ஜெபம் சொல்லப்படும். அதன் மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பெரிய பணிவு: சிலுவை அடையாளம், முழங்கால், உள்ளங்கைகள், தரையைத் தொடும் நெற்றி, உடனே எழுதல். விழுவதும் எழுவதும் ஒரே அசைவு. வீழ்ச்சியும் உயிர்ப்பும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலையை இருதயத்துக்குக் கீழே கொண்டுபோனால் கண்ணில் அழுத்தம் கூடும். அவர்கள் இடுப்புவரை மட்டும் குனியலாம். மூட்டு தேய்ந்தவர்கள் நாற்காலியில் இரு பாதமும் தரையில் பதிய, சாயாமல் அமர்ந்து தலைவணங்கினால் போதும்.

கை விரித்து ஜெபிப்பது சில நிமிடங்களிலேயே தோளைச் சோர்வாக்கும். யாத்திராகமம் 17ல் மோசேக்கும் கை அசந்தது. அப்போது யாரும் அவரை இன்னும் விசுவாசத்தோடு நில் என்று அதட்டவில்லை. உட்காரக் கல்லைக் கொண்டுவந்து வைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் கைகளைத் தாங்கினார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அந்த ஏற்பாடு நின்றது.

மூச்சு

"ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." கீழைத் துறவிகள் இந்த ஜெபத்தை மூச்சோடு இணைத்தார்கள். உடலைப் பயன்படுத்தும் இந்த முறை கேலிக்குள்ளானபோது 14ஆம் நூற்றாண்டுத் துறவி கிரெகரி பலாமாஸ் அதற்காக வாதாடினார். 1341லும் 1351லும் கான்ஸ்டாண்டினோபிளில் கூடிய சங்கங்கள் அவர் பக்கம் நின்றன. மேற்கில் இஞ்ஞாசியார், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்லும் முறையைத் தந்தார். 2001ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், 23 பேர் ஜெபமாலையின் மங்கள வார்த்தை ஜெபத்தை லத்தீனில் சொன்னபோது மூச்சு தானாக நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு மெதுவானது. இரத்த அழுத்தத்துக்கு ஏற்ப இருதயத்துடிப்பைச் சீராக்கும் உடலின் திறனும் அதோடு மேம்பட்டது.

செய்முறை எளிது. நிமிர்ந்து உட்காருங்கள். உள்மூச்சில் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே", வெளிமூச்சில் மீதி. நீளம் தாளவில்லையென்றால் "இயேசுவே" உள்ளே, "இரக்கமாயிரும்" வெளியே. பத்து நிமிடம் போதும். மூச்சை ஆழமாக இழுக்கவோ அடக்கவோ வேண்டாம். விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ தலை மிதந்தாலோ அளவுக்கு மீறி மூச்சு வாங்குகிறீர்கள், கரியமிலவாயு அதிகமாக வெளியேறிவிட்டது. அதை ஆவியின் அபிஷேகம் என்று எடுத்துக்கொள்ளாமல், ஜெபத்தை மூச்சிலிருந்து பிரித்து மனதுக்குள் மட்டும் சொல்லுங்கள். சில நிமிடத்தில் சரியாகும். மெதுவான மூச்சு யாருக்கும் அமைதி தரும், விசுவாசமில்லாதவருக்கும்கூட. அந்த அமைதிக்கு நன்றி சொல்லலாம். அதை வைத்துக் கிருபையை அளக்க முடியாது.

தூக்கம்

பெனடிக்டின் துறவிகள் குளிர்காலத்தில் இரவின் எட்டாம் மணிக்கு எழுந்தார்கள், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மணி. இதைக் கேட்டதும் பலர் அலாரத்தை இரண்டு மணிக்கு வைக்கிறார்கள். அந்த அதிகாரத்தின் அடுத்த வரியை விட்டுவிடுகிறார்கள்: இரவின் பாதிக்குச் சற்று மேலாக இளைப்பாறி, உண்டது செரித்து எழும்படிக்கு. அந்த மனிதர்கள் இருட்டியதும் படுத்தவர்கள். பதினொரு மணிக்குப் படுப்பவர் அவர்களுடைய எழும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது மூன்று மணித் தூக்கம். அதிகாலை ஜெபம் வேண்டுமானால் முதலில் மாற்ற வேண்டியது படுக்கும் நேரம். வாரத்துக்குக் கால்மணி நேரமாக முன்னே நகர்த்துங்கள். வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரத் தூக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். லூத்தர் 1529ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் மாலை ஜெபத்துக்குப் பிறகு வரும் கட்டளை, உடனே சந்தோஷமாகத் தூங்கப் போ என்பது.

முழு இரவு ஜெபம் இதற்கு விரோதம் இல்லை; பண்டிகைக்கு முந்தைய இரவு விழித்திருப்பது மிகப் பழைய வழக்கம். எப்போதாவது வைக்கும்போதுதான் அது விழிப்பு, வாரந்தோறும் வைத்தால் தூக்கக் கடன். முந்தைய நாள் பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு வருவதும், மறுநாள் காலை வண்டி ஓட்டாமல் இருப்பதும், அன்று பெரிய முடிவுகள் எதுவும் எடுக்காமல் இருப்பதும் அவசியம். முக்கியமாக, விழித்திருந்த இரவில் தோன்றிய "வெளிப்பாடு" எதையும் இரண்டு இரவு நன்றாகத் தூங்கிய பிறகே எடைபோட வேண்டும். ஸ்பானியத் துறவி அவிலா தெரேசா 1577ல் எழுதிய நூலில், எட்டு மணி நேரம் பரவசத்தில் இருந்ததாக எண்ணப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். தவமும் விழிப்பும் உடலைத் தளர்த்தியதால் வந்த மயக்கம் அது. நன்றாகத் தூங்கவும் உண்ணவும் தவத்தைக் குறைக்கவும் வைத்தார்கள், பரவசம் நின்றுபோனது.

1 இராஜாக்கள் 19ல் எலியா சூரைச்செடியின்கீழ் சாக வேண்டிப் படுத்தபோது தூதன் ஒரு போதனையும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி உணவு. பிறகு நாற்பது நாள் நடை. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகு, ஓரேபில் வருகிறது. ஆலோசனை சொல்லும் ஊழியர்கள் பலர் இந்த வரிசையை மாற்றி, முதல் நிமிடத்திலேயே கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்.

நடுப்பகலின் சோர்வுக்கு நான்காம் நூற்றாண்டின் வனாந்தரத் துறவி எவாகிரியுஸ் நேரமே குறித்தார்: நான்காம் மணி முதல் எட்டாம் மணிவரை, அதாவது காலை பத்து முதல் பிற்பகல் இரண்டுவரை. ஒன்பதாம் மணியில் ஒரே ஒரு வேளை உண்டவர்களுக்குப் பசியும் வெயிலும் தனிமையும் அப்போதுதான் ஒன்றுகூடும். இதற்கு எகிப்தின் வனாந்தரத் துறவி அந்தோணியார் கண்ட தீர்வு கைவேலை. உட்கார்ந்து கயிறு திரிப்பது, எழுந்து ஜெபிப்பது, மறுபடி உட்கார்ந்து திரிப்பது. நாள் முழுவதும் திரைமுன் அமர்ந்து வேலை செய்பவருக்கும் இதே மாற்றுமுறை பலன் தரும். மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று ஒரு சங்கீதம், பிறகு கையால் செய்யும் ஏதாவது ஒரு சிறு வேலை.

வறட்சியா, நோயா

ஜெபம் மரத்துப்போவதெல்லாம் ஆத்துமாவின் இருண்ட இரவு, அதாவது பக்தனைத் தூய்மையாக்க தேவன் அனுமதிக்கும் வறட்சி, ஆகிவிடாது. அந்தச் சொல்லுக்குப் பேர்போன ஸ்பானியத் துறவி சிலுவையின் யோவான் இதைப் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் தந்தார்: தேவகாரியங்களிலும் சுவை இல்லை, உலகக் காரியங்களிலும் இல்லை, தேவனுக்கு ஊழியம் செய்யத் தவறுகிறோமே என்ற கவலை உள்ளே வலிக்கிறது, முன்புபோல் தியானிக்க முயன்றாலும் முடியவில்லை. இரண்டாவது அடையாளம்தான் திருப்புமுனை. அந்த ஏக்கம்கூட இல்லாமல் எல்லாமே வெறுப்பாகிவிட்டால் அது உடல் சார்ந்த மனச்சோர்வாக இருக்கலாம் என்று அவரே எச்சரிக்கிறார். இரண்டும் கலந்தும் வரும். தெரேசா மனச்சோர்வுள்ள சகோதரிகளுக்கு உபவாசத்தைக் குறைக்கவும் உணவை மாற்றவும் மடத் தலைவிகளுக்கு எழுதினார், 16ஆம் நூற்றாண்டிலேயே.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு, தூக்கமும் பசியும் மாறி, எதிலும் நாட்டம் இல்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு இரண்டும் ஜெபக்குறைவைப்போலவே தோற்றமளிக்கும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே போக வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகளைச் சாட்சி சொல்வதற்காகத் திடீரென நிறுத்துவது தலைசுற்றல், பதற்றம், நோய் திரும்புதல் என்று முடியும். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுல் எழுதியது ஜெபக்குறிப்பு இல்லை, கொஞ்சம் திராட்சரசம்.

கணவன் மனைவி உறவிலும் பவுலின் அளவு இப்படித்தான் இருக்கிறது (1 கொரிந்தியர் 7:5): உபவாசத்துக்காகவும் ஜெபத்துக்காகவும் பிரிந்திருக்கலாம், இருவர் சம்மதத்தோடு, சிலகாலம் மாத்திரம், பிறகு மறுபடியும் சேர்ந்து. ஒருவர் மட்டும் எடுக்கும் பரிசுத்தத் தீர்மானத்துக்கு அந்த வசனத்தில் இடம் இல்லை.

உடல் முற்றிலும் ஒத்துழைக்காத நாட்களும் வரும். காய்ச்சலில், அறுவைசிகிச்சைக்குப் பிறகு, படுக்கையில் ஆண்டுக்கணக்கில் கிடப்பவருக்கு நீண்ட ஜெபம் நடக்காது. வலிநிவாரணி மருந்துகள் ஒரு சங்கீதத்தின் நடுவிலேயே நினைவைக் கலைத்துவிடும். அப்போது ஜெபம் ஒரு வரிக்குச் சுருங்கட்டும், நாளில் ஐந்து முறை, மருந்து வேளையோடு சேர்த்து. உள்ளங்கையில் அடங்கும் மரச்சிலுவை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம். பேச முடியாதபோது பிடித்திருப்பதே போதும். மற்றதைச் சபை செய்ய வேண்டும். யாக்கோபு 5:14 நோயாளியிடம் கேட்பது, மூப்பரை வரவழைக்க வேண்டும் என்பது மட்டுமே. ஜெபிப்பதும் எண்ணெய் பூசுவதும் வருகிறவர்களின் வேலை. வருகிறவர்கள் பத்து நிமிடத்துக்குமேல் இருக்க வேண்டாம். கையைக் கழுவிவிட்டு வாருங்கள், கட்டிலில் உட்காராதீர்கள், நோயாளியின் காதருகே மெதுவான குரலில் அவருக்கு ஏற்கெனவே மனப்பாடமான சங்கீதம் ஒன்றை வாசியுங்கள், புதியது வேண்டாம்.